கரிசல் மண் வீடுகளில் விரிசல்: பூசுவதற்கு முன் அறிய வேண்டியவை

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களின் கரிசல் பூமியில் ஆழமில்லாத அஸ்திவாரத்தின் மேல் எழுப்பிய வீடுகளில், கோடையில் சன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், ஐப்பசி மழைக்குப் பின் தானாகவே ஒடுங்கிவிடுவதுண்டு. சுவர் சரியாகிவிட்டது என்று நம்பி, பூசி வண்ணமும் அடித்தவர்கள், மறு கோடையில் அதே விரிசலை அதே இடத்தில் காண்கிறார்கள். சுவர் பிளந்தாலும், அதைப் பிளக்கும் விசை மண்ணிலிருந்தே வருகிறது.

கரிசல் மண்ணில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம், மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்புகிறது. நீர் வெளியேறினால் சுருங்கி வெடிக்கிறது. ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை இந்த ஈரமாற்றம் பருவந்தோறும் நிகழக்கூடும். வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழே உள்ள மண் வெயில் படாமல் ஈரத்தைக் காத்துக்கொள்ள, வெளிச்சுவரை ஒட்டிய மண் கோடையில் காய்ந்து இறங்குவதால், ஓரங்கள் தாழ்ந்து சுவரின் மேற்பகுதி இழுபடுகிறது. செங்கல் கட்டு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. ஆகவே இழுவிசை குவியும் சன்னல், கதவு மூலைகளில் அது முதலில் பிளக்கிறது.

இதனால் விரிசலின் வடிவமே பல செய்திகளைச் சொல்லிவிடும். மேலே அகன்று கீழே குறுகியிருந்தால், பெரும்பாலும் ஓரம் இறங்கியிருக்கிறது. கீழே அகன்றிருந்தால், நடுப்பகுதி தாழ்ந்திருக்கலாம் அல்லது மழை நீரை உறிஞ்சிய ஓரங்கள் உயர்ந்திருக்கலாம். மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடும் கோடு பெரும்பாலும் வெயிலில் விரியும் கான்கிரீட் தளத்தின் வேலை. தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் நெட்டாகத் தெரிவது, இரு பொருள்களும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. சிலந்தி வலைபோல் பரவிய மயிரிழைக் கோடுகள் பூச்சோடு நின்றுவிடுபவை. ஐயமிருந்தால் சிறிது பூச்சைத் தட்டி, செங்கல்லும் பிளந்திருக்கிறதா என்று பார்க்கலாம். தூணிலோ உத்திரத்திலோ கம்பியின் போக்கிலேயே துருக்கறையுடன் ஓடும் விரிசலை மட்டும் வேடிக்கை பார்க்கக் கூடாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் கான்கிரீட்டை உள்ளிருந்தே உடைப்பதால், கட்டமைப்புப் பொறியாளரை உடனே அழைக்க வேண்டும். விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், கதவுகள் நிலையில் இறுகத் தொடங்கினாலும் அவரையே நாட வேண்டும்.

மற்றவற்றில் பொறுமை தேவை. விரிசலின் முனைகளில் பென்சிலால் குறியிட்டுத் தேதி எழுதி, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டிவைத்தால், அது உடையும் நாளில் சுவர் இன்னும் அசைகிறது என்று தெரிந்துவிடும். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கண்காணித்தால் அசைவு பருவத்தோடு வந்து போவதா, ஒரே திசையில் வளர்வதா என்பது புலப்படும்.

பருவத்தோடு வந்து போவதென்றால், முதல் வேலை நீரைச் சீராக்குவதே. மாடிநீர்க் குழாய் சுவரடியில் கொட்டாமல் தள்ளி விடுவது, ஒழுகும் கழிவுநீர்க் குழாயைச் சரிசெய்வது, சுவரைச் சுற்றி வெளிப்புறம் சரியும் கான்கிரீட் தளம் அமைப்பது, பெரிய மரங்களை ஒட்டி நடாமலிருப்பது ஆகியவை சுவரடி மண்ணின் ஈரத்தை ஓரளவு நிலையாக வைக்கும். புதிதாகக் கட்டுவோருக்கு, ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண் அஸ்திவாரம் இருக்கிறது. அது உப்பும் மண்ணைக் கடந்து, ஈரம் மாறாத ஆழத்தில் வீட்டை நங்கூரமிடுகிறது. பழைய சுவரிலோ, அசைவு அடங்கிய பிறகுதான் விரிசலை அகலப்படுத்தி, செங்கல் வரிகளுக்கிடையே குறுக்குக் கம்பிகள் பதித்துப் பூச வேண்டும்.