நாற்பது வயதில் நாலுகால் பாய்ச்சல்

பள்ளிகளில் விளையாட்டு விழா முடிந்த மறுநாள், என் பிசியோதெரபி கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டு வருபவர்களில் பெற்றோர்தான் அதிகம். பெற்றோருக்கான ஓட்டத்தில் பிள்ளையின் கைதட்டலுக்காக ஒரே மூச்சில் பாய்ந்திருப்பார்கள். கிளம்பிவிட்ட தாம்பரம் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடியவர்களோ ஆண்டு முழுவதும் வருகிறார்கள். "பின்தொடையில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை" என்பார்கள் பலரும்.

முழு வேகத்தில் ஓடும்போது பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முன்னோக்கி வீசப்படும் கீழ்க்காலைப் பின்தொடைத் தசைகள்தாம் இழுத்துப் பிடிக்கின்றன. நீண்டுகொண்டே இழுக்க வேண்டியிருப்பதால், பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான் கிழிகின்றன. நடையில் இவ்வளவு பெரிய சுமை அவற்றுக்கு வருவதே இல்லை. அதனால், தினமும் மெரினாவில் ஒரு மணி நேரம் நடப்பவரும் இந்த ஓட்டத்துக்குத் தயாரானவர் ஆகிவிட மாட்டார். 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த உசைன் போல்ட்டே 2017 லண்டன் உலகத் தடகளப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டு தடத்தில் விழுந்தார்.

அடிபட்ட பிறகு வீட்டில் செய்யப்படும் வைத்தியம்தான் எனக்குப் பெரிய கவலை. 'வெறும் சுளுக்கு' என்று தைலம் போட்டு அழுத்தி உருவிவிடுகிறார்கள். வெந்நீர் ஒத்தடம் வேறு. உள்ளே ரத்தம் கசியும் நேரத்தில் இவை கசிவை அதிகமாக்கும். இப்படி உருவிவிடப்பட்ட ஒருவருக்கு மூன்றாம் நாள் தொடையிலிருந்து முழங்கால் மடிப்புவரை கத்தரிப்பூ நிறத்தில் கன்றியிருந்தது. முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கவே வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காலை உயர்த்தி வையுங்கள். 'படக்'கென்று சத்தம் கேட்டிருந்தாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ, தசையில் குழி தெரிந்தாலோ அன்றே எலும்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

ஓடவே கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை, ஓட்டம் நல்லது. விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே, வாரம் இரண்டு நாள் மெல்லோட்டத்தின் நடுவே முப்பது மீட்டர் மட்டும் வேகத்தைக் கூட்டிப் பழகுங்கள். அன்றைக்கும் பத்து நிமிடம் உடலைச் சூடாக்கிக்கொண்டு, ஷூ அணிந்தே ஓடுங்கள். சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்றுவிடுங்கள். பிசியோதெரபிஸ்டைத் தேடாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.