அம்மீட்டர் காட்டாத இரண்டு ஓட்டங்கள்

சோலார் பேனலில் ஒளி பட்டு மின்சாரம் வருகிறதென்றால், உள்ளே ஏற்கெனவே ஒரு மின்புலம் காத்திருக்கிறது என்று அர்த்தம். ஒளி விடுவித்த எலக்ட்ரான்களை அதுதான் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. ஆனால் அப்படி மின்புலம் உருவாக்கும் சந்தியோ (இரு வகைப் பொருள்கள் சேரும் இடம்) பேட்டரியோ இல்லாத ஒரு படலத்தின் மேல் நேர் செங்குத்தாக ஒளியை விழச்செய்து, பக்கவாட்டில் ஒரு காந்தத்தை வைத்தாலே மின்னோட்டம் கிளம்புகிறது. எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

அந்தப் படலத்துக்குக் குவாண்டம் கிணறு என்று பெயர். ஏறக்குறைய 10 நானோமீட்டர் தடிமனுள்ள காலியம் ஆர்சினைடு என்ற குறைகடத்தி, அலுமினியம் கலந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சிக்கியிருக்கும். எலக்ட்ரான்கள் தளத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் ஓடலாம். மேலும் கீழும் அந்தத் தடிமனைத் தாண்டிப் போக முடியாது.

இதன்மீது 148 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள டெராஹெர்ட்ஸ் லேசரை அடிப்போம். அதன் ஒரு ஃபோட்டானில் இருப்பது சுமார் 8 மில்லி எலக்ட்ரான் வோல்ட்தான். பிணைப்பிலிருந்து எலக்ட்ரானை விடுவிக்க அறை வெப்பநிலையில் 1.42 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே புதிதாக எந்த எலக்ட்ரானும் விடுபடாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவை சூடாகும், அவ்வளவுதான். சூடு எல்லாத் திசையிலும் சமமாகப் பரவ வேண்டியதுதானே?

இங்கேதான் ஸ்பின் நுழைகிறது. ஸ்பின் என்பது எலக்ட்ரானை ஒரு குட்டிக் காந்தம்போல ஆக்கும் உள்ளார்ந்த குணம்; அது இரண்டு எதிரெதிர் வகைகளில் இருக்கும். கிணற்றின் படிக அமைப்பில் முழுமையான சமச்சீர் இல்லை. அதனால் எலக்ட்ரான் மோதி ஆற்றலை இழக்கும் வேகம், அது ஓடும் திசையையும் அதன் ஸ்பினையும் சேர்த்தே பொறுத்திருக்கிறது. ஒரு வகை ஸ்பின் கொண்டவை வலப்பக்கம் நகர்ந்தால், எதிர் ஸ்பின் கொண்டவை அதே அளவு இடப்பக்கம் நகரும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் அம்மீட்டர் பூஜ்யம் காட்டும். உள்ளே இரண்டு ஓட்டங்கள் இருந்தும் வெளியே எதுவும் தெரியாது.

காந்தப்புலம் அந்தச் சமநிலையைக் குலைக்கிறது. ஒரு ஸ்பினுக்கு ஆற்றல் சற்றுக் குறைய, அந்த வகை எலக்ட்ரான்கள் கூடுதலாகின்றன. கழித்ததுபோக மீதி நிற்கிறது. அந்த மீதிதான் நாம் அளக்கும் மின்னோட்டம். புலத்தைத் திருப்பினால் அதுவும் திரும்பும். ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் செர்கே கனிச்சேவ் குழுவினர் 2006-இல் இந்த வழியில்தான் மறைந்திருந்த ஸ்பின் ஓட்டத்தைக் காட்டினார்கள்.

சரி, இது ஸ்பினின் வேலைதான் என்று எப்படி நம்புவது? கேள்வி நியாயமானது, ஏனென்றால் ஸ்பினே இல்லாமலும் இப்படி ஒரு மின்னோட்டம் வரலாம். காந்தவிசை வலப்பக்கம் ஓடுபவற்றைக் கிணற்றின் மேல் விளிம்புக்கும் இடப்பக்கம் ஓடுபவற்றைக் கீழ் விளிம்புக்கும் ஒதுக்குகிறது. மாசு அணுக்கள் ஒரு விளிம்பின் பக்கம் மட்டும் அதிகமாக இருந்தால், அந்தப் பக்கம் ஒதுங்கியவை கூடுதலாக மோதும். அதிலும் புலத்தைத் திருப்பினால் ஓட்டம் திரும்பும்.

பிரித்துப் பார்க்க மாங்கனீசு உதவியது. காட்மியம் டெலுரைடு என்ற வேறொரு குறைகடத்தியால் ஆன கிணற்றில் அதைக் கலந்து குளிர்வித்தால், மாங்கனீசு அணுக்களின் காந்தத்தன்மை புலத்தின் திசையில் ஒழுங்குபடுகிறது. எலக்ட்ரான்களின் இரு ஸ்பின்களுக்கு இடையிலான ஆற்றல் வேறுபாடு பல மடங்கு பெரிதாகிறது. விளிம்புக்கு ஒதுக்கும் காந்தவிசையோ அப்படியேதான் இருக்கிறது. அந்தக் குளிரில் அளந்தபோது மின்னோட்டம் மிக வலுவாக உயர்ந்தது.