காது கேக்குதுங்க, பேசுறதுதான் வெளங்கல

எங்க பக்கம் தறி ஓட்டுறவங்க காது டெஸ்ட்டுக்கு வந்தா "காது கேக்கல"ன்னு சொல்லவே மாட்டாங்க. "காது நல்லாத்தானுங்க கேக்குது, பேசுறதுதான் வெளங்க மாட்டேங்குது"ம்பாங்க. கூட வந்த வீட்டுக்காரம்மா உடனே, "அதெல்லாம் ஒன்னுமில்லீங்க மேடம், இவருக்கு நான் கூப்பிட்டா மட்டும் காதுல விழாது, திண்ணைல கூட்டாளிங்க பேசுனா விழும்"னு ஆரம்பிச்சிருவாங்க. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் என்னை மாதிரி காது டெஸ்ட் பண்ற ஆடியாலஜிஸ்ட் யாரைக் கேட்டாலும் இந்த சண்டையப் பத்தி சொல்லுவாங்க. ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான், அது ஏன்னு புரிய காது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் தெரியணும்.

காதுத் துவாரம் சுமார் ரெண்டரை சென்டிமீட்டர் நீளம், அது முடியற எடத்துல செவிப்பறை, அதுக்குப் பின்னாடி மூணு குட்டி எலும்பு ஒன்னோட ஒன்னு கோர்த்திருக்கு. இந்த எலும்பெல்லாம் எதுக்குன்னா, உள்காது முழுக்க திரவம், காத்துல வர்ற சத்தம் நேரா அதுல மோதுனா முக்கால்வாசிக்கும் மேல திரும்பிப் போயிரும், கெணத்துல முங்கியிருக்கும்போது மேல இருந்து கூப்பிட்டா கேக்காதே அது மாதிரி. அதனால பெரிய செவிப்பறைல வாங்கி, மூணாவது எலும்போட சின்ன அடிப்பாகத்துல குவிச்சு, அழுத்தத்த இருபது மடங்கு அளவுக்கு ஏத்தி உள்ள அனுப்புது. இது வரைக்கும் வர்ற பிரச்சனை, அதாவது குறும்பி அடைப்பு, சளி தேங்கறது, பறைல ஓட்டை, இதெல்லாம் பெரும்பாலும் இஎன்டி டாக்டர் சரி பண்ணக்கூடியது.

தறிக்காரங்களுக்குப் போறது அதுக்கும் உள்ள. ரெண்டரை சுத்து சுருண்ட காக்ளியாங்கற குழாய்ல ஹேர் செல்கள், அதாவது தலைல மெல்லிசா முடி மாதிரி நீட்டிக்கிட்டு சத்தத்த உணர்ற செல்கள், வரிசை கட்டி நிக்கும், உள்வரிசைல சுமார் 3,500, வெளிவரிசைல சுமார் 12,000, ஒரு காதுக்கு மொத்தமே அவ்வளவுதான். குழாயோட வாசல் பக்கம் கீச்சுன்னு இருக்கற சத்தத்துக்கு, கடைசி முனை கனத்த சத்தத்துக்கு. சத்தம் இந்தக் குழாய்ல அலையா ஓடி அதுஅதுக்கான எடத்துல உச்சத்துக்குப் போகுதுன்னு கண்டுபிடிச்ச ஜார்ஜ் வான் பெகேஷிக்கு 1961ல நோபல் பரிசு குடுத்தாங்க. உள்வரிசை செல்கள் மூளைக்கு சேதி அனுப்பும், வெளிவரிசை செல்கள் மெல்லிசா வர்ற சத்தத்தப் பெருசாக்கிக் குடுக்கும். கோழிக்கு இந்த செல் செத்தா மறுபடி முளைக்குது, நமக்கு முளைக்காது.

விசைத்தறில நாடாவ, அதாவது ஊடு நூலக் கொண்டு போற கட்டைய, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிச்சு அனுப்புற அடி இருக்கே, அதுதான் பெரிய எமன். நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல அடிக்கும், ஒரு குடோன்ல பத்து தறி ஓடுனா நெனச்சுப் பாருங்க. சத்தத்தோட அளவு டெசிபல், 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தப் பாதியாக்கணும், அப்படிப் பாத்தா 94ல ஒரு மணி நேரம்தான். தறிக்குடோன் சாதாரணமா 90ஐத் தாண்டும், ஷிஃப்டோ 12 மணி நேரம். பழைய ஃபேக்டரீஸ் ஆக்ட்லயே, அதாவது தொழிற்சாலைச் சட்டத்துலயே, சத்தத்தால வர்ற காதுகேளாமைய தொழில் நோய்ப் பட்டியல்ல சேத்திருந்தாங்க, ஆனா வீட்டை ஒட்டி நாலு தறி போட்டு ஓட்டுற எடத்துல யாரு வந்து அளக்கறாங்க? எனக்கு இது ரொம்ப ஆதங்கம்.

சத்தத்தால அடி விழறப்ப பெரும்பாலும் முதல்ல போறது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் (ஹெர்ட்ஸ் கூடக் கூட சத்தம் கீச்சுன்னு ஆகும்). காது டெஸ்ட் ரிசல்ட்ட கோடாப் போட்டுக் காட்டுற ஆடியோகிராம்ல கோடு நேரா வந்து அந்த எடத்துல பள்ளமா எறங்கி 8000ல கொஞ்சம் ஏறும், பாத்த உடனே தறியா பட்டறையான்னு கேட்டுருவேன். ஆ, ஓ, ஊ எல்லாம் கனத்த சத்தம், அது பத்திரமா இருக்கு, அதனாலதான் "கேக்குது"ங்கறாரு. ச, ஸ, த, க மாதிரி எழுத்துங்களோட உரசலும் வெடிப்பும் மேல்பக்கம் இருக்கு, அது போயிருச்சுன்னா சட்டையா, பட்டையா, கட்டையான்னு தெரியாது. பொம்பளைங்க, கொழந்தைங்க குரல் மெல்லிசு, அதுலயும் அந்தம்மா கூப்பிடறது அடுப்படில இருந்து, மொகம் தெரியாது, மிக்ஸி வேற ஓடுது. திண்ணைல எதுக்க உக்காந்து பேசுறது கனத்த ஆம்பளைக் குரல், வாயசைவும் தெரியுது. அவரு வேணும்னே பண்ணலைங்கம்மா.

இன்னொன்னு, "சத்தமாப் பேசு"ம்பாரு, சத்தமாப் பேசுனா "ஏன் இப்படிக் கத்தற"ம்பாரு. வீட்ல இதாலயே மனஸ்தாபம். வெளிவரிசை செல் போனா மெல்லிசா வர்றது கேக்காது, ஆனா பெரிய சத்தம் பழையபடி பெருசாவே கேக்கும், நடுவுல இருக்கற எடம் சுருங்கிப் போயிருது, அதான் காரணம். கத்தாதீங்க, கிட்ட வந்து மொகம் பாத்து நிதானமாப் பேசுங்க, அது போதும். காது மிஷினும் இதனாலதான் அவரு ஆடியோகிராமுக்கு ஏத்த மாதிரி செட் பண்ணணும், ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்கு விக்கறது பெரும்பாலும் எல்லாத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் குடுக்கும், ரெண்டே நாள்ல கழட்டி டப்பால போட்டுருவாங்க. நல்ல மிஷினே மூளைக்குப் பழக சில வாரம் ஆகும், பொறுத்துக்கோங்க.

தறி ஓட்டுற தம்பிங்களுக்கு: காதுல பஞ்சு வெக்கறது பத்தாது. ஃபோம் பிளக் வாங்கி ஒல்லியா உருட்டி, இன்னொரு கையால காத மேலயும் பின்னாடியும் இழுத்துப் புடிச்சு உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் அரை நிமிஷம் விரலால அழுத்திப் புடிங்க. பாதி வெளிய நீட்டிட்டு இருந்தா சரியாப் போடலன்னு அர்த்தம்.

ஒரே நாள்ல திடீர்னு ஒரு காது அடைச்ச மாதிரி கேக்காமப் போச்சுன்னா எண்ணெய் ஊத்திட்டு உக்காந்திராதீங்க, அது எமர்ஜென்சி, அன்னிக்கே இல்லாட்டி மறுநாளே இஎன்டிகிட்ட போயிருங்க, மருந்து ஆரம்பிக்க நாள் தள்ளத் தள்ள திரும்பக் கெடைக்கற வாய்ப்பு கொறையும்.

டெஸ்ட் ஊசியெல்லாம் இல்ல, சத்தமில்லாத ரூம்ல ஹெட்ஃபோன் மாட்டி பீப் கேக்கறப்ப கையத் தூக்கணும், அவ்வளவுதான். ஆனா நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வராதீங்க, தறிச் சத்தத்துல இருந்து வந்த கையோட பாத்தா காது மரத்துப் போயிருக்கும், ரிசல்ட் இருக்கறத விட மோசமா காட்டும். ஷிஃப்ட் முடிஞ்சு ஒரு நாள் லீவு போட்டுட்டு, தூங்கி எந்திரிச்சு வாங்க.