மழைக்குப் பிறகு பாலை: கொலராடோ பீடபூமியின் பாதைகளைத் தீர்மானிக்கும் பாறை அடுக்குகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துத் தென்பகுதியில், செம்பாறைக் குன்றுகளுக்கு நடுவே செல்லும் மண்பாதைகளில் மழை பெய்த மறுநாள் வண்டி ஓட்டிச் செல்பவர் ஒரு முரணைக் காண்பார். முந்தைய நாள் வரை சக்கரங்களை விழுங்கிக்கொண்டிருந்த மணற்பகுதி இறுகி, வண்டியை எளிதாகத் தாங்குகிறது. அதே பாதையில் சில கிலோமீட்டர் தள்ளி, நேற்று வரை தார்ச்சாலை போலக் கெட்டியாக இருந்த சாம்பல்நிறத் தரையோ, நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப்பைக்கூட நகரவிடாத சேறாகிக் கிடக்கிறது. பெய்தது ஒரே மழைதான். சக்கரத்தின் அடியில் இருக்கும் பாறை அடுக்கு மட்டுமே வேறு.

யூட்டா, அரிசோனா, கொலராடோ, நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களில், ஏறத்தாழ 3,40,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் கொலராடோ பீடபூமியின் பெரும்பகுதியில் பாறை அடுக்குகள் அதிகம் மடியாமலும் நொறுங்காமலும், கிட்டத்தட்ட கிடைமட்டமாகவே படிந்திருக்கின்றன. ஓர் அடுக்கு பழைய மணல்மேடுகளிலிருந்து வந்தது. மற்றொன்று கடலடிச் சேற்றிலிருந்து வந்தது. இன்னொன்று எரிமலைச் சாம்பல் விழுந்த ஆற்றுச் சமவெளியிலிருந்து வந்தது. தாவரங்கள் குறைவாக இருப்பதால் இந்த அடுக்குகள் மறைவின்றி வெளியே தெரிகின்றன. ஆண்டு மழை பல இடங்களில் 250 மில்லிமீட்டரைக் கூடத் தொடுவதில்லை என்றாலும், இந்த நிலத்தைச் செதுக்கியதும் இன்றும் அதன் பாதைகளை ஆள்வதும் நீர்தான். ஆகவே இங்கே நடக்கவும் வண்டி ஓட்டவும் விரும்புகிறவர் கையில் சாலை வரைபடத்தோடு நிலவியல் வரைபடமும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள வொயிட் ரிம் பாதை இதற்கு நல்ல சான்று. சுமார் 160 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தப் பாதை, மேலேயுள்ள மேட்டுநிலத்துக்கு ஏறத்தாழ 365 மீட்டர் கீழே, செங்குத்துச் சரிவின் இடையில் ஓர் அகன்ற படிபோல் நீண்டிருக்கும் தளத்தின் மீது செல்கிறது. அந்தப் படியை உருவாக்கியது வொயிட் ரிம் என்ற கடினமான மணற்கல் அடுக்கு. அதற்கு மேலிருந்த மென்மையான அடுக்குகள் மழையில் கரைந்து பின்வாங்கிவிட, அரிப்பைத் தாங்கிய மணற்கல் மட்டும் மேடையாக நின்றுவிட்டது. 1950களில் யுரேனியம் தேடுவோருக்காக அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் ஏற்பாட்டில் இங்கே பாதை போடப்பட்டது. அவர்கள் தேடிய தாது பெரும்பாலும் சின்லே என்னும் அடுக்கில் இருந்தது. எரிமலைச் சாம்பல் கலந்த அதே சின்லேதான் மழைக்காலத்தில் வாகனங்களுக்கு மிகவும் தொல்லை தரும் அடுக்குகளில் ஒன்று.

முதலில் மணலைப் பார்ப்போம். உலர்ந்த மணலில் துகளைத் துகளோடு பிணைக்க எதுவும் இல்லாததால், சக்கரம் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு உள்ளே இறங்குகிறது. சிறிதளவு ஈரம் சேர்ந்ததும் துகள்களின் தொடுமுனைகளில் நுண்ணிய நீர்ப்பாலங்கள் உருவாகின்றன. அவற்றின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. மழைக்குப் பின் மணற்பாதை இறுகுவதன் காரணம் இதுவே. மழை இல்லாத நாளில் ஓட்டுநர் செய்யக்கூடியது, டயரின் காற்றைக் குறைப்பது. ஒரு சக்கரத்தின் மீது 600 கிலோ எடை இருப்பதாகவும், காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ என்றும் கொண்டால், டயர் தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 250 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அழுத்தத்தைப் பாதியாக்கினால் அந்தப் பரப்பு ஏறக்குறைய இருமடங்காகும். டயரின் சொந்த விறைப்பினால் உண்மையான அளவு சற்று மாறுபடும் என்றாலும், எடை அகலமாகப் பரவி மணலில் புதைவது குறைகிறது என்பதுதான் முக்கியம். காற்றுக் குறைந்த டயர் அதிகமாக நெளிந்து சூடாகும் என்பதால் மெதுவாகவே ஓட்ட வேண்டும். கெட்டியான சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

களிமண்ணில் இந்த உத்தி உதவாது. பழைய எரிமலைச் சாம்பல் சிதைந்து உண்டான பென்டோனைட் களிமண்ணின் படிகங்கள் ஏடுகளாக அடுக்கப்பட்டவை. நீர் அந்த ஏடுகளின் இடையே புகுந்து அவற்றை விலக்க, களிமண் உப்பிப் பெருகி வழுக்கும் பசையாகிறது. டயரின் பள்ளங்கள் முழுவதும் அந்தப் பசை அடைத்துக்கொள்வதால், வழவழப்பான உருளை ஒன்று வழவழப்பான தரையில் சுழல்வது போன்ற நிலை ஏற்படுகிறது. எத்தனை சக்கரங்களுக்கு இன்ஜினின் விசை சென்றாலும், பிடிமானம் இல்லாத இடத்தில் அதனால் பயனில்லை. இந்த மண்ணை உலர்ந்திருக்கும்போதே அடையாளம் காணலாம்: பலமுறை உப்பிச் சுருங்கியதால் அதன் மேற்பரப்பு சோளப்பொரியைக் கொட்டி வைத்தது போலப் பொருக்குப் பொருக்காக இருக்கும். அத்தகைய தரையின் வழியே உள்ளே போகிறவர், மழை வந்தால் அது காயும்வரை அங்கேயே தங்குவதற்கு வேண்டிய நீரையும் உணவையும் வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

நடந்து செல்வோருக்கு இந்த நிலத்தின் மிகப் பெரிய வியப்பும் மிகப் பெரிய ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. கைகளை விரித்தால் இரு சுவரையும் தொடக்கூடிய அகலமும், பல பத்து மீட்டர் ஆழமும் கொண்ட இடுக்குப் பள்ளத்தாக்குகளே அவை. அவற்றில் புகழ்பெற்ற பல, நவாஹோ மணற்கல்லில் உருவானவை. ஜுராசிக் காலத்தில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இங்கே பரந்து கிடந்த மணல்மேடுகள் இறுகி உண்டான பாறை அது. அந்த மேடுகளின் சரிவுகளை இன்றும் சுவர்களில் சாய்ந்த வரிகளாகக் காணலாம். தடித்த, சீரான பாறையாக இருந்தாலும் அதன் துகள்களைப் பிணைக்கும் பொருள் வலுவற்றது. பாறையில் செங்குத்தாக ஓடும் ஒரு விரிசலில் வெள்ளம் முதலில் வழி கண்டுகொள்கிறது. பாறையிலிருந்து உதிர்ந்த மணலே வெள்ளத்தின் கையில் அரமாகி அந்தப் பாறையை அறுக்கிறது. வழி குறுகக் குறுக நீரின் ஆழம் கூடுகிறது. ஆழம் கூடக் கூட அடித்தளத்தின் மீதான உராய்வு விசை கூடுகிறது. வறண்ட காலநிலையில் சுவர்கள் மெதுவாகவே சிதைவதால், பள்ளம் அகலமாவதைவிட வேகமாக ஆழமாகிறது. நீர்ச்சுழல்கள் உரசிச் சென்ற இடங்கள் வளைவுகளாகவும் குழிவுகளாகவும் மிஞ்சுகின்றன. ஒளிப்படங்களில் நாம் ரசிக்கும் அந்த நெளிவுகள் ஒவ்வொன்றும் வெள்ளத்தின் தடம்தான்.

அந்த வெள்ளம் ஏன் இவ்வளவு திடீரென வருகிறது? ஜூலை முதல் செப்டம்பர் வரை வடஅமெரிக்கப் பருவமழைக் காலத்தில், பிற்பகல்களில் சில கிலோமீட்டர் அகலமே உள்ள இடிமேகங்கள் திரண்டு கொட்டித் தீர்க்கின்றன. பாறையும் இறுகிய மண்ணும் நீரை உறிஞ்சும் வேகத்தைவிட மழை விழும் வேகம் அதிகமாகிவிடுவதால், பெரும்பகுதி உடனே வழிந்தோடுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,50,000 கன மீட்டர் நீர் விழுகிறது. அதில் பாதி மட்டும் ஒரு மணி நேரத்தில் வடிகிறது என்று வைத்தாலும், விநாடிக்கு ஏறத்தாழ 35 கன மீட்டர் வரும். அது 2 மீட்டர் அகலமுள்ள இடுக்கில் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பாய வேண்டுமானால், நீரின் ஆழம் 4 மீட்டரைத் தாண்டும்.

அந்த நீர் படிப்படியாக உயர்வதும் இல்லை. முதலில் வரும் மெல்லிய நீரை வறண்ட ஓடைப்படுகை உறிஞ்சித் தாமதப்படுத்துகிறது; பின்னால் வரும் ஆழமான நீர் வேகமாக ஓடி அதை எட்டிப் பிடிக்கிறது. இப்படி முன்விளிம்பு செங்குத்தாகி, மரக்கட்டைகளையும் கற்களையும் உருட்டிக்கொண்டு ஒரு சுவர் போல வரக்கூடும். அது மழை பெய்த இடத்திலிருந்து பல கிலோமீட்டர் கடந்து, வெயில் காயும் ஒரு பள்ளத்தாக்கினுள் நுழையலாம். 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவில் பேஜ் நகருக்கு அருகிலுள்ள கீழ் ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 11 பேர் உயிரிழந்தது இப்படித்தான். அவர்கள் நின்ற இடத்தில் பெரிய மழை ஏதுமில்லை. இடிமழை ஓடையின் மேற்பகுதியில் பெய்திருந்தது.

எனவே பார்க்க வேண்டியது தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டுமல்ல, நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதன் வானிலையையும்தான். பரியா ஆற்றின் கீழ்ப்பள்ளத்தாக்கில் நடப்பவர், அந்த ஆறு தொடங்கும் பிரைஸ் கேன்யன் பக்கத்து முன்னறிவிப்பையும் கவனிக்க வேண்டும். அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை தெற்கு யூட்டாவின் பூங்காக்களுக்குத் திடீர் வெள்ள வாய்ப்பை நான்கு நிலைகளில் வெளியிடுகிறது. சயான் பூங்காவில் ஆற்றுக்குள்ளேயே நடந்து செல்லும் குறுகிய பள்ளத்தாக்கான நேரோஸ் பகுதி, அந்த ஆற்றின் ஓட்டம் விநாடிக்கு 150 கன அடியைத் தாண்டினாலோ வெள்ள எச்சரிக்கை வந்தாலோ மூடப்படும். உள்ளே நடக்கும்போது தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், மேலிருந்து உறுமல் கேட்பதும் உடனே மேடேற வேண்டியதற்கான அறிகுறிகள். சுமார் 24 கிலோமீட்டர் நீளமுள்ள பக்ஸ்கின் கல்ச் பள்ளத்தாக்கில் தலைக்கு வெகு உயரத்தில் சுவர்களுக்கிடையே சிக்கி நிற்கும் மரத்தண்டுகள், முந்தைய வெள்ளம் எட்டிய உயரத்தைக் காட்டுகின்றன.

வாகனத்துக்கும் இதே நீர்தான் எதிரி. 4.5 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வண்டியின் அடித்தட்டுக்கு மேல் 25 சென்டிமீட்டர் நீர் ஏறினால், அது விலக்கும் நீரின் எடை சுமார் 2 டன். உள்ளே நீர் கசிந்து நிரம்பும்வரை வண்டி மிதக்கவே முயலும். முழுதாக மிதக்க வேண்டிய அவசியம்கூட இல்லை; சக்கரங்களின் மீதான எடை குறைந்தாலே பிடிமானம் போய்விடும். நீரின் தள்ளுவிசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. கலங்கிய நீருக்கு அடியில் படுகை அரித்துப்போயிருப்பதும் மேலிருந்து தெரியாது. இத்தகைய வெள்ளங்கள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடுகின்றன. காத்திருப்பதால் இழப்பது அந்தச் சில மணி நேரம் மட்டுமே.

வெள்ளம் வடிந்த பின் ஓடைகளில் புதைமணல் தோன்றலாம். துகள்களின் இடைவெளி முழுவதும் நீர் நிறைந்து, அதன் அழுத்தம் துகள்களைத் தாங்கத் தொடங்கும்போது மணல் கூழைப்போல் நெகிழ்கிறது. மனித உடல் அந்தக் கூழைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் ஆள் முழுவதும் மூழ்கிவிடுவதில்லை. காலை வெடுக்கென இழுக்காமல் மெல்ல அசைத்து, காலைச் சுற்றி நீர் இறங்க இடம் கொடுத்தால் பிடி தளரும்.

இந்த நிலத்தில் நீருக்குப் பதில் சொல்லும் இன்னோர் அடுக்கு உண்டு. அதற்குச் சில மில்லிமீட்டர் அல்லது சென்டிமீட்டர் தடிமன்தான். கறுத்து, சிறு கோபுரங்கள் போல மேடுபள்ளமாகத் தெரியும் அந்த மண்தோல் உயிருள்ளது. சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களின் இழைகள் ஈரம் பட்டதும் மணலுக்குள் நகர்ந்து, பசையுள்ள உறைகளைப் பின்னால் விட்டுச் சென்று, துகள்களைத் தைத்து வைக்கின்றன. காற்றிலிருந்து நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்ப்பதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. அதன் கரடுமுரடான முகம் மழைநீரின் ஓட்டத்தைத் தடுத்து மண்ணுக்குள் இறங்க நேரம் தருகிறது. ஒரு காலடியோ டயரோ பட்டால் அந்த அமைப்பு நொறுங்கிவிடும். மீண்டு வரப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதனால்தான் பூங்காக் காவலர்கள் பாதையிலோ, வெற்றுப் பாறையிலோ, ஓடையின் மணற்படுகையிலோ மட்டும் கால் வைக்கச் சொல்கிறார்கள். ஓடைப்படுகையோ வெள்ளத்தின் வழி. ஆகவே பகலில் வானிலை பார்த்து ஓடையில் நடந்தாலும், இரவுக்குக் கூடாரம் போடும் இடம் படுகையை விட்டு விலகிய மேட்டுப்பாறையாகவே இருக்க வேண்டும். பாதையை விட்டு விலகி மண்தோலின் மீது ஓட்டப்பட்ட ஒரு வண்டியின் இரு தடங்களில் அடுத்த மழையின் நீர் ஒன்றுசேர்ந்து ஓடுகிறது. சில மழைகளில் தடம் வாய்க்காலாகி, கீழேயுள்ள இடுக்குப் பள்ளத்தாக்கை நோக்கி நீரை முன்னைவிட விரைவாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.