குடலில் திறக்கும் ஜெல் மணிகள்

இரைப்பை அமிலத்தில் வாய் மூடிக் கிடந்து, சிறுகுடலுக்குப் போனதும் மருந்தை விடுகிற ஜெல் மணிகளைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். மூலப்பொருள், பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் சோடியம் ஆல்ஜினேட். இதன் மூலக்கூறுச் சங்கிலி நெடுக, புரோட்டானைப் பிடிக்கவும் விடவும் கூடிய கார்பாக்சில் தொகுதிகள். வெறும் வயிற்றில் பிஹெச் (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 1 முதல் 3 வரை இருக்கும். அப்போது அவை புரோட்டானைப் பிடித்துக்கொள்ள, மின்னூட்டம் இல்லாமல் ஜெல் சுருங்கும். சிறுகுடலில் பிஹெச் 6-ஐத் தாண்டியதும் புரோட்டான் கழன்று எதிர்மின்னூட்டம் ஏறும்; சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளும். அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்ய உள்ளே சேரும் சோடியம் அயனிகள் தண்ணீரையும் இழுத்து வரும். ஜெல் ஊதி மருந்து வெளியேறும்.

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைக் கலக்கிக்கொண்டே 2 கிராம் ஆல்ஜினேட்டைச் சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளியே பசையும் உள்ளே உலர்ந்த மாவுமாகக் கட்டி விழும். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து போரிங் தண்ணீர் இதற்கு ஆகவே ஆகாது. கடின நீரிலுள்ள கால்சியம் ஆல்ஜினேட்டைப் பாத்திரத்திலேயே உறைய வைத்துவிடும். மருந்தைக் கலந்து, குமிழி அடங்க ஓர் இரவு விட்டு, 22 கேஜ் ஊசியால் 2 சதவீத கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுங்கள். ஊசி நீர்ப்பரப்பை ஒட்டியிருந்தால் மணிக்கு வால் முளைக்கும்.

15 நிமிடத்தில் மணி இறுகும். ஆனால் மெட்ஃபார்மின் போல நீரில் எளிதாகக் கரையும் மருந்து அதற்குள்ளாகவே கரைசலில் கசிந்துவிடும். அதனால் மணியை வடித்த பிறகு கரைசலைக் கொட்டாமல், அதிலுள்ள மருந்தையும் அளக்க வேண்டும். கசிவைக் குறைக்க, 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த கைட்டோசானால் மேல்பூச்சு கொடுக்கலாம். காசிமேட்டில் உரித்துக் கொட்டும் இறால் ஓட்டிலிருந்தே கைட்டோசான் எடுக்க முடியும். அதன் நேர்மின்னூட்டம் ஆல்ஜினேட்டோடு இறுகப் பிணையும்.

சோதனையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரைப்பைக்குப் பதிலாக 37 டிகிரியில் 2 மணி நேரம் 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிறகு சிறுகுடலுக்குப் பதிலாக பிஹெச் 6.8 பாஸ்பேட் பஃபர் (பிஹெச் மாறாமல் காக்கும் கரைசல்) என்பது வழக்கம். மணியை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தை பாஸ்பேட் பிடுங்கிக்கொள்வதால், மணி உடைந்ததற்கு பிஹெச் மட்டுமே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. வலி மருந்தான டைக்ளோஃபெனாக் அமிலத்தில் கரைவதே அரிது. அது அங்கே வெளியேறாததை ஜெல்லின் வெற்றியாகக் கணக்கில் வைப்பதும் தவறு.

அமிலச் சுரப்பைக் குறைக்கும் பேன்டோபிரசோல் சாப்பிடுபவருக்கு இரைப்பையிலேயே பிஹெச் 4-ஐத் தாண்டலாம். அங்கேயே மணி திறக்கத் தொடங்கலாம். ஆகவே பிஹெச் 4.5 அசிடேட் பஃபரிலும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் முடிவெழுதாதீர்கள்.