"சாப்பிட்டா பலம் வரும்" என்றால் குழந்தை ஏன் குறைவாகச் சாப்பிடுகிறது?

"கேரட் சாப்பிடு, உடம்புக்கு நல்லது" என்று சொல்லாத பெற்றோர் அரிது. மாய்மரன், ஃபிஷ்பாக் என்ற ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளிடம் 'இதைச் சாப்பிட்டால் பலம் வரும்' என்று சொல்லிக் கொடுத்தபோது, ஒன்றும் சொல்லாமல் கொடுத்ததைவிடக் குறைவாகவே சாப்பிட்டார்கள். பயனைச் சொல்லி விற்கவேண்டிய பண்டம் ருசியாக இருக்காது என்பது குழந்தையின் கணக்கு.

'காயை முடித்தால் இனிப்பு' என்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆய்வாளர் லியான் பிர்ச் குழுவினர் 1984-இல் ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பானத்தின் மேல் குழந்தைகளுக்கு இருந்த பிடிப்பு குறைந்தது. காய் தாண்டவேண்டிய தடையாகிவிடுகிறது, இனிப்புக்கோ மதிப்பு ஏறுகிறது. இனிப்பைக் கண்ணெதிரே வைத்துவிட்டுத் தொடாதே என்பதும் ஆசையைத்தான் வளர்க்கும். அதை வீட்டுக்குள் வாங்காமலே இருப்பது எவ்வளவோ மேல்.

2 முதல் 6 வயதுவரை புதிய உணவைக் கண்டு மிரள்வது இயல்பு, அடம் அல்ல. ஒரு காய் பழகச் சுமார் 8 முதல் 15 முறை சுவைக்க வேண்டியிருக்கும். பல வீடுகளில் 3, 4 முறையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பார்ப்பது மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும். அதனால் பட்டாணி அளவுத் துண்டு போதும். பசி நன்றாக இருக்கும்போது, சாப்பாட்டின் தொடக்கத்தில், தெரிந்த உணவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு வேளைக்கு ஒரே ஒரு புதுப் பண்டம். துப்பினாலும் திட்டவேண்டாம், சுவை பட்டுவிட்டது, அதுவும் ஒரு முறைதான். அதே காயை நீங்களும் அதே வேளையில் சாப்பிடுங்கள். உங்கள் தட்டில் இல்லாத காயை அவர்கள் தட்டில் வைத்தால் அதைக் குழந்தை கவனிக்காமல் இருக்காது.

அப்படியானால் சத்தைப் பற்றிப் பேசவே கூடாதா? பேசலாம், ஆனால் பேரம் பேசுவதுபோல் அல்ல. கிரிப்ஷோவர், மார்க்மன் ஆகியோரின் 2013 ஆய்வில், உணவுக்குள் கண்ணுக்குத் தெரியாத பலவகைச் சத்துகள் இருக்கின்றன, வயிறு அவற்றைப் பிரித்தெடுக்கிறது, ரத்தம் உடலெங்கும் கொண்டு செல்கிறது என்று கதைப் புத்தகங்கள் வழியாகக் கற்ற குழந்தைகள், சிற்றுண்டி வேளையில் தாங்களாகவே அதிகக் காய்களை எடுத்துச் சாப்பிட்டார்கள். ஓடும்போது ஒரு சத்தும், எழுதும்போது இன்னொன்றும் உதவும், ஒரே பண்டத்தில் எல்லாம் இருக்காது என்பது நான்கு வயதுக்கே புரிகிறது. இதைக் கதை நேரத்தில் சொல்லுங்கள். தட்டு முன்னால் இருக்கும்போது கேரட் மொறுமொறுப்பாக இருக்கிறதா என்று கேட்டால் போதும்.