உளறலுக்கும் ஒரு நடுகல்

கும்பகோணத்துப் பக்கம் ஒரு பள்ளியில் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சக ஆசிரியைக்கு எழுதிய புலம்பல் ஒன்று, கை தவறி ஏழாம் வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டதாம். ஒரு மாணவனின் பெயரைச் சொல்லி, "அவன் வீட்டுப்பாடத்தை எழுதுவது அவன் அப்பாதான், கையெழுத்தே காட்டிக்கொடுக்கிறது" என்று எழுதியிருக்கிறார். நான்கு நிமிடம் கழித்துக் கவனித்து, பதறிப்போய் "அனைவருக்கும் நீக்கு" என்பதை அழுத்திவிட்டார். இரவெல்லாம் தூக்கமில்லை. "அறுபது போன்களிலிருந்தும் அது போய்விட்டதா? அந்த அப்பாவின் போன் அப்போது அணைந்திருந்தது. அவர் பார்த்திருப்பாரா?"

டீச்சர், நீங்கள் எதையும் அழிக்கவில்லை. அழித்துவிடுங்கள் என்று அறுபது போன்களிடம் கேட்டுக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

செய்தி போகும் பாதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியது உங்கள் போனிலேயே பூட்டப்பட்டு, பூட்டிய நிலையில் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப்பில் எல்லாச் செய்திகளுக்கும் இந்தப் பூட்டு உண்டு. திறக்கும் சாவி பெறுபவரின் போனில் இருக்கிறது. சர்வர் ஒரு தபால்பெட்டி மட்டுமே. பெறுபவரின் போன் விழித்திருந்தால் உடனே ஒப்படைத்துவிட்டுத் தன் பிரதியை நீக்கிவிடும். போன் தூங்கினால் 30 நாள் வரை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒரு டிக் என்றால் சர்வருக்குப் போனது, இரண்டு டிக் என்றால் போனுக்குப் போனது, நீலமானால் கண்ணுக்குப் போனது.

இரண்டாவது டிக் விழுந்ததும் அந்தச் செய்தி உங்களுடையதல்ல. இன்னொருவர் சட்டைப்பையில் கிடக்கும் போனுக்குள் கைவிட்டு எதையும் எடுக்க உங்களால் முடியாது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று: இன்னொரு செய்தி அனுப்பலாம். ஒவ்வொரு செய்தியும் தனக்கென்று ஓர் அடையாள எண்ணோடுதான் பிறக்கிறது. "இன்ன எண்ணுள்ள செய்தியை நீக்கு" என்று சொல்லும் ஒரு சின்னக் கடிதம், மற்ற எல்லாச் செய்திகளையும் போலவே, அதே வழியாகப் போகிறது. கருமாதிக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடும் வழக்கம் நம் ஊர்களில் இருந்ததே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். கிழிப்பவர் பெற்றவர். எழுதியவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு கிழிக்க முடியாது. இங்கே கிழிக்கும் வேலையைப் பெறுபவரின் போனில் உள்ள செயலி செய்கிறது. அது ஒழுங்கான செயலி என்பதால் சொன்னபடி கேட்கிறது. யாரோ திருத்தி உலவவிட்ட போலிச் செயலி என்றால், கேட்டதாகத் தலையாட்டிவிட்டுச் செய்தியை அப்படியே வைத்துக்கொள்ளும்.

இந்த வசதி வாட்ஸ்அப்பில் 2017இன் இறுதியில் வந்தது. முதலில் ஏழு நிமிட அவகாசம். 2018இல் அதை 1 மணி 8 நிமிடம் 16 விநாடி என்று நீட்டினார்கள். இது என்ன கணக்கு, ராகுகாலம் பார்த்து வைத்ததா என்று அப்போது பலரும் சிரித்தார்கள். விநாடியாக்கிப் பாருங்கள்: 4096. பன்னிரண்டு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால், அதாவது 2 அடுக்கு 12, இந்த எண்தான் வரும். நமக்கு நூறும் ஆயிரமும் முழு எண் என்றால் நிரலாளருக்கு 4096 முழு எண். 2022 ஆகஸ்டில் அவகாசம் இரண்டு நாளுக்குச் சற்று மேல் என்றானது, அழகான எண் போய்விட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். ஆப்பிளின் ஐமெசேஜில் திரும்பப் பெற இரண்டு நிமிடம்தான். பெறுபவரின் ஐபோனில் 2022க்கு முந்தைய பழைய மென்பொருள் இருந்தால் அந்த வேண்டுகோளே புரியாது, செய்தி அப்படியே நிற்கும். ஜிமெயிலின் "செயல்தவிர்" பொத்தான் இன்னும் பழைய தந்திரம். அது எதையும் திரும்பப் பெறுவதில்லை. அதிகபட்சம் 30 விநாடி கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுப் பிறகுதான் பெட்டியில் போடுகிறது. சாதாரண எஸ்எம்எஸ்ஸுக்கு எந்த வழியும் கிடையாது.

என்னைச் சொக்கவைப்பது வேறொன்று. நீக்கிய இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி நிற்கிறதே, அதுதான். பலருக்கு அது எரிச்சல். அழிப்பதென்றால் தடமில்லாமல் அழிக்க வேண்டியதுதானே, எதற்கு இந்த விளம்பரம்? இதற்கு விடை தேட ஒரு கல்யாண வீட்டுக்குப் போவோம்.

அண்ணன் தம்பி இருவரிடமும் அழைப்புப் பட்டியலின் ஒரு பிரதி இருக்கிறது. அண்ணன் மதுரையில், தம்பி திருச்சியில். பகலில் ஆளுக்கொரு பக்கம் அலைந்து பெயர் சேர்ப்பார்கள், இரவில் போன் பேசி இரண்டு பட்டியலையும் ஒன்றாக்குவார்கள். விதி எளிது: ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாத பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள், பழைய நிலத்தகராறு ஒன்று நினைவுக்கு வந்து, அண்ணன் ஒரு மாமாவின் பெயரை நீக்குகிறார். ஒழுங்கு பார்க்கும் மனிதர் என்பதால் அந்தப் பக்கத்தையே கிழித்துவிட்டு, மாமா இல்லாமல் புதிதாக எழுதி வைக்கிறார். இரவில் தம்பி தன் பட்டியலை வாசிக்கிறார். "அண்ணா, உங்களிடம் மாமா பெயர் விடுபட்டிருக்கிறது பாருங்கள்." பேச்சு வேகத்தில் அண்ணனும் எழுதிக்கொள்கிறார். மாமா கல்யாணத்துக்கு வந்துவிட்டார்.

விடுபட்ட பெயரையும் நீக்கிய பெயரையும் வெற்றுத்தாளில் பிரித்தறிய முடியாது என்பதுதான் இங்கே சிக்கல். இரண்டுமே இல்லாமைதான். அண்ணன் பக்கத்தைக் கிழிக்காமல் மாமா பெயரின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தால் தம்பி கேட்கும்போது "அடித்துவிட்டேன், நீயும் அடி" என்று சொல்லியிருப்பார். நீக்கியதற்கு ஒரு தடம் இருந்தால்தான் நீக்கியது நீக்கியதாகவே நிற்கும்.

பல கணினிகளில் ஒரே தகவலின் பிரதிகளை வைத்திருக்கும் எல்லா அமைப்புகளுக்கும் இந்த மாமா தொல்லை உண்டு. தடமில்லாமல் அழித்த தகவல், சற்று நேரம் தொடர்பறுந்து கிடந்த ஒரு கணினி திரும்பி வந்ததும் அதன் பிரதியிலிருந்து உயிர்பெற்று எழுந்துவிடும். ஆகவே அழிக்கும்போது அந்த இடத்தில் ஒரு கல் நட்டுவைக்கிறார்கள். கணினித் துறையினர் அதைக் கல்லறைக் கல் என்றே அழைக்கிறார்கள். எனக்கு நடுகல் என்று சொல்லத்தான் பிடிக்கிறது. நம் பக்கம் ஆநிரை மீட்டு மாண்ட வீரனுக்குக் கல் நட்டார்கள். இங்கே பின்னிரவு உளறலுக்கும் நடுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். உள்ளே இருந்த உரை போய்விடுகிறது. அடையாள எண்ணும் "இவர் இறந்துவிட்டார்" என்ற குறிப்பும் மிஞ்சுகின்றன. நீக்கும் உத்தரவு சில நேரம் செய்தியையே முந்திக்கொண்டு வந்து சேரலாம். அப்போதும் கவனமாக எழுதிய செயலி பிறக்காத குழந்தைக்குக் கல் நட்டுக் காத்திருக்கும். பின்னால் செய்தி வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடும்.

அந்தக் கல்லை எத்தனை நாள் வைத்திருப்பது? பிரதி வைத்திருக்கும் அனைவரும் அதைப் பார்க்கும்வரை. முந்திப் பிடுங்கினால் மாமா திரும்பி வந்துவிடுவார், பிடுங்காமலே விட்டால் ஊரெல்லாம் கல்லாகிவிடும். கசாண்ட்ரா என்று ஒரு தரவுத்தளம் இருக்கிறது. ஃபேஸ்புக்கில் பயனர்கள் தங்கள் பழைய செய்திகளைத் தேடுவதற்காகவே முதலில் எழுதப்பட்டு, 2008இல் பொதுவெளிக்கு வந்தது. அதில் யாரும் மாற்றாதவரை கல்லின் ஆயுள் 8,64,000 விநாடி. அதாவது பத்து நாள். பதினொன்றாம் நாள் விழித்தெழும் கணினி பழைய பிரதியோடு வந்தால், செத்தவர் எழுந்து நடப்பார். கருமாதிக் கணக்கு போலவே இருக்கிறது என்று எண்ணி ஒருமுறை தனியாகச் சிரித்திருக்கிறேன்.

ஆக, உள்ளே கல் நடுவது தொழில்நுட்பத் தேவை. அதை உங்கள் கண்ணுக்குக் காட்டுவது மட்டும் வடிவமைப்பாளரின் முடிவு. டெலிகிராம் காட்டுவதில்லை. அங்கே சாதாரண உரையாடல்கள் நிறுவனத்தின் சர்வரில்தான் வாழ்கின்றன, நம் போன் வெறும் ஜன்னல். சர்வரில் எடுத்துவிட்டால் எல்லா ஜன்னல்களிலும் மறைந்துவிடும். 2019 மார்ச் முதல், இருவர் உரையாடலில் எதிராளி எழுதியதைக்கூட இரு பக்கமும் கால வரம்பின்றி நீக்கலாம் என்றும் ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. என் நாட்குறிப்பிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போய், கிழித்த தடத்தையும் மறைத்துவிடுவது போல இருக்கிறது. வாட்ஸ்அப்பின் கல் சங்கடம் தருவதுதான், ஆனாலும் நேர்மையான கல்.

சரி, அறுபது போன்களும் சொன்னபடி செய்தனவா என்று ஏன் செயலி நமக்குச் சொல்வதில்லை? நீக்க முடியாமல் போனாலும் அறிவிப்பு வராது என்று வாட்ஸ்அப்பின் உதவிப் பக்கமே சொல்கிறது. சோம்பலும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அடியில் ஒரு கணிதச் சுவர் இருக்கிறது. தொலைந்துபோகக்கூடிய செய்திகளை மட்டும் நம்பி இருவர் ஒரு விஷயத்தில் முழு உறுதியோடு ஒத்துப்போகவே முடியாது. என் கடிதம் கிடைத்ததா என்பதற்கு உங்கள் பதில் வேண்டும். பதில் எனக்குக் கிடைத்ததா என்று உங்களுக்குத் தெரிய இன்னொரு பதில் வேண்டும். முடிவே கிடையாது. 1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் இதை ஒரு கட்டுரையில் காட்டினார்கள். அவர்களுடைய உதாரணத்தில் இருந்தது இரண்டு கொள்ளைக் கும்பல்கள். 1978இல் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே அவற்றை இரண்டு தளபதிகளாக்கிப் பதவி உயர்வு கொடுத்தார். இதுபோன்ற ஆராய்ச்சிக்கு இன்று நம் கல்லூரிகளில் பணம் கேட்டுப் பாருங்கள். "முடியாது என்று நிரூபிக்கவா நிதி? எந்தக் கம்பெனி இதை வாங்கும்?" என்று கோப்பு திரும்பி வரும். வாங்க ஆளில்லாத அந்த நிரூபணம் ஐம்பது ஆண்டு கழித்தும் ஒவ்வொரு போனுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

கல் நட்ட பிறகும் ஆவி உலவும் இடங்கள் உண்டு. செய்தி வந்ததும் திரையின் மேல் எட்டிப்பார்த்த அறிவிப்பு முதல் இடம். ஆண்ட்ராய்டு 11 முதல் அறிவிப்பு வரலாறு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதை இயக்கி வைத்திருப்பவருக்கு, கடந்த 24 மணி நேரத்தில் வந்துபோன அறிவிப்புகள் பட்டியலாகக் கிடைக்கும். "அழித்த செய்தியைக் காட்டுகிறோம்" என்று விளம்பரம் செய்யும் செயலிகள் மந்திரம் எதுவும் போடுவதில்லை, அறிவிப்புகளைப் படித்து எழுதி வைத்துக்கொள்கின்றன. அப்படிப் படிக்கும்போது உங்கள் வங்கியின் ஓடிபியையும் சேர்த்தே படிக்கும் என்பதை மறந்துவிட்டு இதை நிறுவிக்கொள்பவர்களுக்கு என்ன சொல்ல? மூன்றாவது டிக் சிவப்பாக விழுந்தால் அரசு வழக்குப் போடப்போகிறது என்று பஞ்சாங்கம் போலத் தவறாமல் சுற்றிவரும் வதந்தியை முன்னனுப்புவதும் பெரும்பாலும் இவர்களேதான். மூன்றாவது டிக் என்று ஒன்று கிடையவே கிடையாது.

போனின் நினைவகத்திலும் எழுத்துகள் சில காலம் தங்கும். செயலி நீக்கினாலும் அந்த இடம் "காலி" என்று குறிக்கப்படுமே தவிர உடனே துடைக்கப்படாது. ஆனால் இன்றைய போன்களில் நினைவகம் முழுக்கப் பூட்டிக் கிடப்பதால், தடயவியல் ஆய்வகம் வைத்திருப்பவர்கள் மட்டும் இதைப் பற்றிக் கவலைப்படட்டும்.

ஆசிரியைக்கு இப்படிப் பதில் எழுதினேன். அந்த அப்பாவின் போன் அணைந்திருந்தது உங்கள் அதிர்ஷ்டம். உங்கள் புலம்பலும் அதைக் கிழிக்கச் சொன்ன கடிதமும் சர்வரில் அடுத்தடுத்துக் காத்திருந்திருக்கும். போன் விழித்ததும் இரண்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போயிருக்கும். அவர் பெரும்பாலும் பார்த்தது கல்லை மட்டும்தான். ஆண்ட்ராய்டு போன்களில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். நீங்கள் நீக்கியது மாலையில் என்பதால் அதிலும் கல் மட்டுமே இருக்கும். நிம்மதியாகத் தூங்குங்கள்.

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. "நன்றி சார். ஆனால் நான் நீக்குவதற்கு முன்பே ஒரு அம்மா என் செய்தியை மேற்கோள் காட்டி 'சரியாகச் சொன்னீர்கள் டீச்சர்' என்று பதில் போட்டிருந்தார். அது ஒன்றும் செய்யாது இல்லையா?"

செய்யும். மேற்கோள் காட்டும் பதில் பழைய செய்தியை விரல் நீட்டிச் சுட்டுவதோடு நிற்பதில்லை. அதன் உரையை நகலெடுத்துத் தன் உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போகிறது. அதற்கு அடையாள எண்ணும் வேறு. உங்கள் நீக்கல் கடிதம் அதைத் தொடவே தொடாது. அதை இரண்டு பேர்தான் நீக்க முடியும் என்று எழுதினேன்: ஒருவர் அந்த அம்மா. 2022 முதல் குழுவின் அட்மினும் யாருடைய செய்தியையும் அனைவருக்கும் நீக்கலாம். குழுவுக்கு அட்மின் யார்?

"தலைமையாசிரியை" என்று வந்தது.